மீன் குஞ்சு விடுகிறவர்கள் மேல் கேஸ் போடுவது என்ன நியாயம்?

வாசகர் கேள்வி, 14 செப்டம்பர் 2024

அமெரிக்காவின் வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களில் சால்மன் அழிந்துகொண்டு வருகிறதாம். அரசே பொரிப்பகம் வைத்துக் கோடிக்கணக்கில் குஞ்சு விடுகிறதாம். அதை எதிர்த்து இயற்கை ஆர்வலர்களே கோர்ட்டுக்குப் போகிறார்களாம். பசித்தவன் வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி இருக்கிறது. அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் விளக்க முடியுமா?

14 செப்டம்பர் 2024, இரவு

சியாட்டிலுக்குக் கிழக்கே இசக்வாவில் இருக்கிறேன். ஊர் நடுவிலேயே 1930களில் கட்டிய ஒரு பொரிப்பகம் இருக்கிறது, வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். 2013இல் வந்த புதிதில் நானும் இதையேதான் கேட்டேன், உங்களைவிடக் கொஞ்சம் கெட்ட வார்த்தை சேர்த்து.

1973ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் பட்டியலில் ஏறிவிட்ட உயிருக்குக் கேடு வரக்கூடிய காரியம் எதுவானாலும் மத்திய அரசின் அனுமதி வேண்டும். அணை கட்டினாலும் சரி, மரம் வெட்டினாலும் சரி, மீன் குஞ்சு விட்டாலும் சரி. வழக்குப் போடுகிறவர்களின் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: அந்த அனுமதி எங்கே? நூறு வருஷமாகக் குஞ்சு விட்டு வந்த இடங்கள் பலவற்றில் காகிதம் இல்லை. மாட்டிக்கொண்டது அங்கேதான்.

15 செப்டம்பர்

"அதே மீன்தானே, கூட நாலு இருந்தால் என்ன கேடு" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

இசக்வா பொரிப்பகத்தில் நீளமான சிமெண்டுத் தொட்டிகள் உண்டு. காலையில் ஆள் வந்து மேலிருந்து தீவனத்தை வீசுவார். ஆள் நிழல் விழுந்ததும் மேலே பாய்ந்து வருகிற குஞ்சுக்கு வயிறு நிறைகிறது. பயந்து அடியில் ஒதுங்குகிறது இளைத்துப்போகிறது. ஆற்றில் இது அப்படியே தலைகீழ். நிழலைக் கண்டு மேலே வருகிற குஞ்சு நாரை வாய்க்குள் போகும். தொட்டி ஒரு குணத்தைத் தேர்ந்தெடுக்கிறது, ஆறு வேறொன்றை. சில தலைமுறை தொட்டி தேர்ந்தெடுத்த மீன் கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பி வந்து, ஆற்று மீனோடு கூடி முட்டையிட்டால் அந்தக் குணமும் ஆற்றுக்குள் போகிறது. ஆரிகனின் ஹூட் ஆற்றில் சால்மனின் உறவான ஸ்டீல்ஹெட் மீன்களின் வம்சத்தை மரபணு வழியே தொடர்ந்து பார்த்த ஆய்வு 2007இல் வந்தது. 40 சதவீத இழப்பு என்றார்கள்.

சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் போட்டி என்பது தனிக்கதை. பொரிப்பகத்தில் பிறந்த பண்ணை மீன் ஆற்றை நிறைக்கும்போது தூண்டில்காரர் கூட்டமும் நிறைகிறது, அதில் ஆற்றிலேயே பிறந்த காட்டு மீனும் சேர்ந்து மாட்டுகிறது என்பது இன்னொன்று.

15 செப்டம்பர், கொஞ்சம் கழித்து

மேலே 40 சதவீதம் என்று மொட்டையாகப் போட்டுவிட்டேன். மீன் எண்ணிக்கை 40 சதவீதம் குறைந்தது என்று அர்த்தமில்லை. வளர்ப்பில் கழிந்த ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் போய்ப் பிள்ளை பெற்று ஆளாக்கும் திறன் ஏறக்குறைய 40 சதவீதம் சரிகிறது என்பதுதான். எல்லா மீனுக்கும் எல்லாப் பொரிப்பகத்துக்கும் இதே கணக்கு என்று யாரும் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

இது பிராய்லருக்கும் நாட்டுக்கோழிக்கும் உள்ள வித்தியாசம்தானே என்று எழுதியவருக்கு: எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் பிராய்லர் கோழி கூண்டை விட்டுக் காட்டுக்குப் போய்ச் சம்பந்தம் பேசிவிட்டு வருவதில்லை.

19 செப்டம்பர்

சரி, வழக்குகள். முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு, நீங்கள் நினைக்கிற பக்கத்திலிருந்து வந்ததல்ல.

1998, ஆரிகன் கடற்கரையோர அல்சியா பள்ளத்தாக்கு. அங்கே ஒரு பொரிப்பகத்தில் திரும்பி வந்த கோஹோ சால்மன்களை ஊழியர்கள் கட்டையால் அடித்துக் கொன்றார்கள். பண்ணையில் பிறந்தவை காட்டு மீனோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. அதை ஒருவர் படம் பிடித்துவிட்டார். கடற்கரையோரக் கோஹோ அழிகிறது, அதனால் மரம் வெட்டாதே, கரையைத் தொடாதே என்று அதே வருஷம் அரசு பட்டியலில் சேர்த்திருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவனுக்கு என்ன தோன்றும்? "மீன் இல்லை என்கிறாய், வந்த மீனை அடித்தும் கொல்கிறாய்."

உள்ளூர்க்காரர்கள் சங்கம் வைத்து வழக்குப் போட்டார்கள். சொத்துரிமைக்காக வாதாடும் வழக்கறிஞர்கள் சேர்ந்துகொண்டார்கள். 2001 செப்டம்பரில் நீதிபதி மைக்கேல் ஹோகன், பண்ணை மீனும் காட்டு மீனும் ஒன்றுதான் என்று தீர்ப்பளித்தார். ஆற்றங்கரை நிலக்காரர்கள் கொண்டாடினார்கள். பண்ணை மீனையும் சேர்த்து எண்ணினால் எந்த ஆற்றிலும் பஞ்சமே கிடையாதே!

பொரிப்பகம் என்பது மீனைக் காப்பாற்றுகிற இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணிக்கையைக் காட்டிச் சட்டத்தையே காலி செய்கிற இடமாகவும் அது ஆகலாம் என்று இந்த வழக்கைப் படித்தபோதுதான் உறைத்தது.

20 செப்டம்பர்

சட்டம் படித்த ஒருவர் தனிச்செய்தியில் காதைத் திருகிவிட்டார். அவர் சொன்னது சரி. இரண்டும் ஒன்று என்று ஹோகன் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே குழு என்று வகுத்தது மத்திய மீன்வளத் துறையே. ஒரே குழுவுக்குள் போட்டுவிட்டு, அதில் பாதியை மட்டும் பட்டியலில் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்பதுதான் தீர்ப்பு. அவரவர் போட்ட கோட்டை அவரவர் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் 2005இல் துறை புதுக் கொள்கை எழுதியது. ஆற்று மீனுக்கு மரபில் நெருக்கமான பண்ணை மீனைக் குழுவில் சேர்ப்போம், ஆனால் இனம் பிழைக்குமா என்று பார்க்கும்போது ஆற்றில் தானாகப் பிழைக்கிறதா என்பதையே பார்ப்போம் என்று. இதை எதிர்த்து இரண்டு பக்கமும் கோர்ட்டுக்குப் போனது! மேல் கொலம்பியா ஆற்றின் ஸ்டீல்ஹெட்டை அபாயப் பட்டியலில் ஒரு படி இறக்கி எழுதியது தவறு என்று 2007இல் மாவட்ட நீதிமன்றம் சொன்னது. 2009இல் மேற்கு மாநிலங்களுக்கான 9வது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டு, துறையின் கொள்கை செல்லும் என்றது.

20 செப்டம்பர்

"மீனுக்கு வக்கீல் ஃபீஸ் யார் தருவது?" என்று கேட்ட நண்பருக்கு: அரசு தோற்றால் பெரும்பாலும் அரசே. அதாவது வரி கட்டுகிற நான்.

7 அக்டோபர்

இரண்டு வாரமாக ஆளைக் காணோம் என்று கேட்டிருந்தீர்கள். அப்பா அம்மா மேட்டூரிலிருந்து வந்திருக்கிறார்கள். அக்டோபர் முதல் வாரக் கடைசியில் இசக்வாவில் சால்மன் திருவிழா. கூட்டிக்கொண்டு போனேன்.

அப்பா மேட்டூர் அணையில் பரிசலையும் மீன் பிடிப்பவர்களையும் பார்த்தே வளர்ந்தவர். அங்கே மீன்வளத் துறை கட்லா, ரோகு குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறார். குஞ்சு விட்டால் மீன் கிடைக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இங்கே மீன் ஏணியில் ஒவ்வொரு படியாகத் துள்ளி ஏறுகிற சினூக் சால்மனைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உடம்பெல்லாம் கறுத்து, வால் தேய்ந்து வெள்ளையாகி, சதை பிய்ந்த மீன்கள். கடலிலிருந்து இதுவரை வயிற்றுக்கு ஒன்றும் கிடையாது என்று சொன்னேன்.

"வந்ததும் என்ன பண்ணுவாங்க?"

"பெட்டையின் வயிற்றைக் கீறி முட்டையை எடுத்து, ஆண் மீனின் விந்தைக் கலந்து..."

"அப்ப அது?"

"செத்துடும். விட்டாலும் முட்டை போட்டுட்டுச் செத்துடும்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "வர்ற வழியில இவ்ளோ பாடுபட்டது, கடைசியா பத்தடி அதுவே போயி முட்டை போட்டா என்ன கெட்டுடும்?" நாற்பது பக்கத் தீர்ப்புகளில் தேடிக்கொண்டிருந்த கேள்வியை மனுஷன் மோர் குடித்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

அம்மாவின் கேள்வி: இதில் குழம்பு வைக்கலாமா? கூடாது. முட்டையிட வந்த மீனின் சதை வெளுத்துச் சொத சொதவென்று இருக்கும். கடைக்கு வருவது கடலில் பிடித்தது.

12 அக்டோபர்

என் சொந்தக் கதை ஒன்று. அதற்கு முன்னால் சேம்பர்ஸ் கிரீக் மீன் பற்றி.

டகோமா பக்கத்து ஓடை ஒன்றின் ஸ்டீல்ஹெட்டை 1940களிலிருந்து பண்ணையில் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். காட்டு ஸ்டீல்ஹெட் மார்ச்சுக்கு மேல்தான் முட்டையிடும். இதை டிசம்பர், ஜனவரியிலேயே முட்டையிடும்படி மாற்றினார்கள். சீக்கிரம் பொரித்தால் ஒரே வருஷத்தில் கடலுக்கு அனுப்பிவிடலாம், தீவனச் செலவு மிச்சம். திரும்பி வரும்போதும் காட்டு மீனுக்கு முன்னாலேயே வரும், தூண்டில்காரர்கள் எல்லாவற்றையும் பிடித்துவிடுவார்கள், கலப்பே நடக்காது என்று திட்டம். காகிதத்தில் அழகான திட்டம். எல்லா மீனையும் யார் பிடித்து முடித்தது?

சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடற்பகுதி ஸ்டீல்ஹெட் 2007இல் பட்டியலுக்கு வந்தது. சேம்பர்ஸ் கிரீக் குஞ்சுகளை விட்டுக்கொண்டே இருந்தார்கள், மத்திய அனுமதி வரவில்லை. 2014இல் வைல்ட் ஃபிஷ் கன்சர்வன்சி என்ற அமைப்பு வாஷிங்டன் மாநில மீன் துறை மேல் வழக்குப் போட்டது. தீர்ப்பு வரை போகவில்லை, ஒரு மாதத்திலேயே சமரசம். ஸ்காஜிட் ஆற்றில் 12 வருஷம் இந்தக் குஞ்சு விடக் கூடாது. ஸ்கைக்கோமிஷ் ஆற்றில் மட்டும் 1,80,000 வரை. மற்ற ஆறுகளுக்கு அனுமதி வரும் வரை நிறுத்தம். கடலுக்குப் போகத் தயாராக நின்ற குஞ்சுகளை ஏரிகளில் விட்டார்கள். கடலைப் பார்க்காமலே அவை ஏரி மீனாகிவிட்டன.

தூண்டில்காரர்கள் கொதித்துப்போனார்கள். நானும் அப்போதுதான் ஆபீஸ் நண்பரோடு தூண்டில் பழகிக்கொண்டிருந்தேன். அந்த அமைப்பைத் திட்டி எங்கேயோ எழுதியும் இருக்கிறேன், தேடாதீர்கள்.

2016 ஜனவரியில் ஸ்கைக்கோமிஷில் முழங்கால் வரை தண்ணீரில் நின்று மூன்று நாள் சும்மா திரும்பினேன். நாலாவது நாள் ஒன்று மாட்டியது. இங்கே ஒரு பழக்கம்: பண்ணைக் குஞ்சுக்கு முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவிலுள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டித்தான் விடுவார்கள். துடுப்பு இல்லாவிட்டால் பண்ணை மீன், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இருந்தால் காட்டு மீன், தண்ணீரை விட்டு முழுசாக வெளியே எடுப்பதே குற்றம். விரலால் தடவினேன். துடுப்பு இருந்தது. விரல் மரத்துப்போய் இருந்ததால் இரண்டாவது தடவையும் தடவிப் பார்த்தேன். முள்ளில்லாக் கொக்கி, எளிதாகக் கழன்றது. ஒரு நிமிஷம் கையில் நிறுத்திப் பிடித்திருந்தேன், வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கிப் போய்விட்டது. வீட்டில் ஒரு வாரம் அந்தப் பெருமையைப் பேசித் தீர்த்தேன். காட்டு மீனைத் தொட்டவன்!

அன்றைக்குத்தான் மனசு வழக்குப் போட்டவர்கள் பக்கம் சாய்ந்தது. நியாயத்தால் அல்ல, மீன் கையில் இருந்ததால்.

16 அக்டோபர்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் பொரிப்பகத்தை மூடவேண்டியதுதானே" என்று ஒருவர். அவசரப்படாதீர்கள். பழங்குடிகளை நான் இதுவரை சொல்லவே இல்லை. அது என் தப்பு, இந்தப் பக்கத்துப் பேச்சில் எல்லோரும் செய்கிற தப்பும்கூட.

1854, 1855 ஒப்பந்தங்களில் இங்குள்ள பழங்குடிகள் நிலத்தைக் கொடுத்துவிட்டு, வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை வைத்துக்கொண்டார்கள். அந்த உரிமையைப் பயன்படுத்தியதற்காகவே 1960களில் அடியும் சிறையும் பட்டார்கள். நிஸ்குவாலி இனத்தின் பில்லி ஃபிராங்க் ஜூனியர் எத்தனையோ முறை கைதானவர். 1974 பிப்ரவரியில் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுக்கு என்று தீர்ப்புக் கொடுத்தார். அடுத்து மாநிலம் என்ன வாதாடியது தெரியுமா? பண்ணை மீன் நாங்கள் வளர்த்தது, அது அந்தப் பாதியில் சேராது என்று! ஆற்று மீனை அணை கட்டி ஒழித்துவிட்டு, பதிலுக்கு வளர்த்த மீனிலும் பங்கு கிடையாது என்றால் ஒப்பந்தத்துக்கு என்ன பொருள்? 1980இல் நீதிபதி வில்லியம் ஓரிக் அந்த வாதத்தைத் தள்ளினார். 1985இல் மேல்முறையீட்டிலும் அந்தப் பகுதி நின்றது.

கொலம்பியா ஆற்றின் கிராண்ட் கூலி அணைக்கு மீன் ஏணியே கிடையாது. அதற்கு மேலே சால்மன் போகவே முடியாது. அதற்கு ஈடாகத்தான் லெவன்வொர்த் பொரிப்பகம் கட்டினார்கள். 1938இல் மிட்செல் சட்டம் வந்து கொலம்பியா முழுக்கப் பணம் கொட்டியது. பொரிப்பகம் என்பது அணைக்குக் கொடுத்த நஷ்டஈடு. நஷ்டஈட்டை மட்டும் நிறுத்தச் சொன்னால் ஈடு வாங்குகிறவனுக்குக் கோபம் வராதா?

வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆற்றுக் கதையில் இது நேருக்கு நேர் மோதியது. 2011 முதல் 2014 வரை இரண்டு பெரிய அணைகளை உடைத்தெடுத்தார்கள். நூறு வருஷ வண்டல் ஒரேயடியாக இறங்கி மீனைக் கொல்லும், அதுவரை விதைக்காவது மீன் இருக்கட்டும் என்று லோயர் எல்வா கிளாலம் பழங்குடி பொரிப்பகம் நடத்தியது. விடுதலையான ஆற்றில் பண்ணை மீனையா விடுவீர்கள் என்று அதே வைல்ட் ஃபிஷ் கன்சர்வன்சியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். குறைவாக விடும் மாற்று வழியை அரசு சரியாக ஆராயவில்லை என்று 2014இல் நீதிபதி பெஞ்சமின் செட்டில் சொன்னார். பழங்குடி தானே வலையை ஒதுக்கி வைத்துக் காத்திருந்தது. 2023 அக்டோபரில்தான் கொஞ்சமாகக் கோஹோ பிடித்தார்கள். பன்னிரண்டு வருஷம். ஆற்றிடம் அவர்களைவிடப் பொறுமை காட்டிய மனுதாரர் யார்?

16 அக்டோபர், இரவு

கடைசி வரி கொஞ்சம் நாடகத்தனமாகிவிட்டது. இருக்கட்டும்.

23 அக்டோபர்

பொரிப்பகமே வில்லன் என்று முடிவு கட்டினவர்கள் ரெட்ஃபிஷ் ஏரியைப் பாருங்கள். ஐடஹோ மலையில், கடலிலிருந்து 900 மைல், 6,500 அடி உயரம். ஷோஷோன்-பேனக் பழங்குடி மனுக் கொடுத்து, 1991இல் அங்குள்ள சாக்கை சால்மன் பட்டியலில் ஏறியது. அந்த வருஷம் திரும்பி வந்தவை நாலு மீன். 1992இல் ஒன்றே ஒன்று, அதுவும் ஆண். 'தனிமை லாரி' என்று பெயர் வைத்தார்கள். எட்டு அணைகளைத் தாண்டி வந்தவனுக்குப் பெண் கிடைக்கவில்லை. (நம்ம மேட்ரிமோனியல் சைட்டுகளைப் பற்றி இங்கே யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.)

1991 முதல் 1998 வரை வந்த காட்டு மீன் மொத்தம் பதினாறு. அவற்றை வைத்து, மரபணுப் பார்த்து ஜோடி சேர்த்து, தொட்டியிலேயே வம்சத்தைக் காப்பாற்றினார்கள். 2014இல் திரும்பி வந்தவை 1,500க்கு மேல். இன்னும் அபாயத்தில்தான் இருக்கிறது. ஆனால் தொட்டி இல்லாவிட்டால் இன்றைக்கு வழக்குப் போடவே மீன் கிடையாது.

ஆகவே 15 செப்டம்பர் குறிப்பில் நான் திட்டிய தொட்டியும் இதுவும் ஒன்றல்ல. ஒன்று வலைக்கு மீன் வளர்க்கிறது, இன்னொன்று வம்சத்துக்கு. கோர்ட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

30 அக்டோபர்

திமிங்கிலம் பற்றிக் கேட்டவருக்கு. இங்கே தென்பகுதி ஓர்க்காத் திமிங்கிலங்கள் என்று ஒரு கூட்டம், 2024 கணக்கில் 73. 2005இலேயே பட்டியலில் ஏறியவை. பெரும்பாலும் சினூக்கைத்தான் தின்னும். 2018இல் செத்த குட்டியைத் தலையில் தாங்கி 17 நாள் நீந்திய தாய் இந்தக் கூட்டத்துத் தாய்தான். அதற்குப் பிறகு, திமிங்கிலத்துக்குத் தீனி போடவே கூடுதல் சினூக் குஞ்சு விடுவது என்று திட்டம் வந்தது.

சிக்கலைப் பாருங்கள். பட்டியலில் உள்ள திமிங்கிலத்துக்காக விடுகிற பண்ணைக் குஞ்சு, பட்டியலில் உள்ள காட்டுச் சினூக்குக்குக் கேடு. தென்கிழக்கு அலாஸ்கா சினூக் மீன்பிடிப்பை எதிர்த்து 2020இல் தொடுத்த வழக்கில் இதுவும் சேர்ந்தே வந்தது. பொரிப்புத் திட்டத்துக்கும் முறையான ஆய்வு இல்லை என்று கண்ட கோர்ட்டு, திமிங்கிலத்தின் வயிற்றை நினைத்து அதை நிறுத்தவில்லை. 2023 மே மாதம் நீதிபதி ரிச்சர்ட் ஜோன்ஸ் மீன்பிடிப்பின் அனுமதியை மட்டும் ரத்து செய்தார். ஜூனில் மேல் கோர்ட்டு அந்த ரத்துக்குத் தடையாணை கொடுத்துப் படகுகளை இறக்கவிட்டது. 2024 ஆகஸ்டில் அந்த ரத்தையே தள்ளிவிட்டது.

இதில் யார் பக்கம் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு வாரமும் மாறுகிறேன்.

4 நவம்பர்

சேலத்து நண்பர் "நம்ம காவிரியில் இப்படி உண்டா" என்று கேட்டிருந்தார். உண்டு. காவிரியின் திமில் முதுகு மகசீர், நூறு பவுண்டு தாண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தூண்டில்காரர்கள் பேசிய மீன். 1970களிலிருந்து மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பொரிப்பகத்தில் நீலத்துடுப்பு மகசீரைப் பெருக்கிப் பல ஆறுகளுக்கும் அனுப்பினார்கள், காவிரிக்கும் வந்தது. மகசீரைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்ல எண்ணம்தான். நீலத்துடுப்பு பெருகியது, திமில் முதுகு மறைந்துகொண்டே போனது. ஆற்றில் அணை, மணல், வெடி எல்லாமும் சேர்ந்துதான். இதில் கொடுமை, அந்த மீனுக்கு அறிவியல் பெயரே உறுதியாகாமல் இருந்தது. 2018இல்தான், பாம்பாற்றில் ஏற்கெனவே பெயரிட்ட டோர் ரெமாதேவி இதுதான் என்று கண்டார்கள். அதே வருஷம் மிக அபாய நிலைப் பட்டியலிலும் ஏறியது. மோயாற்றில் இன்னும் இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். சின்ன வயதில் ஒகேனக்கலில் ஆள் உயர மீனைத் தோளில் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறாராம். எந்த மீன் என்று கேட்டேன். "மீனு" என்றார்.

17 நவம்பர்

அப்பா அம்மா ஊருக்குப் போய்விட்டார்கள். நேற்று ஃபோனில் அப்பா, "உன் மீன் கேஸு என்னாச்சு?" என்றார். இந்த இழையை அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன். ஸ்கைக்கோமிஷ் மீனைப் பற்றித் திரும்பவும் கேட்டார்.

"துடுப்பு வெட்டுனாத்தான் பண்ணை மீனுன்னு சொன்னே இல்ல?"

"ஆமா."

"வெட்டுன மீனு யார் கையிலயும் சிக்காம ஆத்துலயே முட்டை போட்டுருச்சுன்னு வையி. அந்தக் குஞ்சுக்குத் துடுப்பு இருக்குமா, இருக்காதா?"

இருக்கும். கத்தரிப்பது பரம்பரையாக வருமா என்ன! ஆற்றில் பிறந்ததால் விதிப்படியும் அது காட்டு மீன்தான். ஸ்கைக்கோமிஷில் சேம்பர்ஸ் கிரீக் மீனை எத்தனையோ வருஷமாக விட்டிருக்கிறார்கள். எட்டு வருஷமாக நான் சொல்லிக்கொண்டு திரியும் அந்த மீனின் தாய் தகப்பன் எந்தத் தொட்டியோ.

"அப்ப நீ விட்டது எந்த மீனுன்னு உனக்கே தெரியாது" என்றார் அப்பா. "தெரியாதுப்பா" என்றேன்.